கேவுரு மாவுப் போணி

முதல் கரண்டிக் கஞ்சி வாய்க்குள் போனதும் செவ்வந்தி அலறினாள். பசிக்கு அழுகிற அழுகை அல்ல அது. தேள் கொட்டினாற்போல ஓர் அலறல். உதட்டில் ஒட்டியிருந்ததையும் நாக்கால் வெளியே தள்ளினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஓடியது. எலும்பும் தோலுமாக இருந்த அந்தப் பத்து மாத உடம்பில் இவ்வளவு சத்தத்துக்கு வலு எங்கே இருந்தது என்று பெற்றவளுக்கே விளங்கவில்லை.

"பாத்தியா," என்றாள் மாமியார் இருசம்மாள், கதவோரம் குந்தியபடி. "நானும் தலப்பாடா அடிச்சிக்கினேன். தோஷம் நாக்குக்கு வந்துடுச்சி. இனிமே தேன ஊத்துனாலும் துப்பும்."

அருள்மொழி கிண்ணத்தில் இருந்ததை விரலால் வழித்துத் தன் வாயில் வைத்தாள். முதலில் வெல்லத்தின் இனிப்பு. அதற்குப் பின்னால் மெதுவாக, நாக்கு நுனியில் தொடங்கித் தொண்டை வரைக்கும் ஓர் எரிச்சல். இன்னொரு விரல் எடுத்து வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

அவள் சிரித்தாள்.

"இன்னாடி, புள்ள துடிக்குது, நீ சிரிச்சிக்கினு இருக்கிற?"

"தோஷமில்ல அத்த. மொளகா."

அந்தச் சிரிப்பை இருசம்மாள் வெகு நாள் மன்னிக்கவில்லை. ஆனால் அருள்மொழிக்கு அன்று சிரிக்கக் காரணம் இருந்தது. தோஷம் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டி நியாயம் கேட்பது? மிளகாய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

கருணாபுரத்தில் ஆண்கள் இல்லாத வீடுகள் ஏற்கெனவே அதிகம். சாராயம் கொண்டுபோனவர்களின் வீடுகள். அருள்மொழியின் கணவன் சிவசங்கர் குடித்ததே இல்லை. கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் தியாகதுருகம் சாலையில் கவிழ்ந்து, அதன் அடியில் செத்தான். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். "அப்பன முழுங்கிக்கினு வருது பாரு" என்று இழவு வீட்டிலேயே ஒருத்தி சொன்னாள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொன்னவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேய்ந்துபோன டயரையும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் இருக்கிற சிசுவின் மேல் பழி போடுவதுதான் சுலபம். அது எதிர்த்துப் பேசாது.

செவ்வந்தி பிறந்த சில மாதத்தில் அருள்மொழி கூலிக்குப் போனாள். சந்தைத் திடலில் தானியம் புடைக்கிற வேலை. காலையில் போனால் பொழுது சாய வருவாள். பால் கட்டி வலித்தது, பிறகு வற்றியது. கணவனின் அண்ணன் வெற்றிவேலும் அவன் மனைவி காசியம்மாளும் தியாகதுருகத்திலிருந்து ஒரு முறை பால் மாவு டப்பா வாங்கி வந்தார்கள். டப்பாவின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அடுத்த டப்பா எப்போது வரும் என்று தெரியாதவள் என்ன செய்வாள்? மாவைக் குறைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள். டப்பா நெடுநாள் வந்தது. குழந்தைதான் இளைத்துக்கொண்டே போனது.

"இது குடிச்சதெல்லாம் வெள்ளைத் தண்ணிம்மா" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். திட்டவில்லை, நிதானமாகத்தான் சொன்னார். "டப்பாவ வுடு. ஆறு மாசத்துக்கு மேல ஆயிடுச்சி. முளைகட்டின கேழ்வரகு, பயறு, வேர்க்கடலை, எல்லாத்தயும் வறுத்து நைஸா அரைச்சி, கெட்டியா காய்ச்சிக் குடு. கரண்டிய சாச்சா ஒழுகக் கூடாது, அந்தப் பதம்."

அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவுப் பொட்டலம் மாதம் முடியும் முன்பே தீர்ந்துபோனது. குழந்தையின் மாவை மாமியாரும் மருமகளும் கரைத்துக் குடித்த காலைகள் உண்டு. அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

இருசம்மாளிடம் வேறு விளக்கம் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு குழந்தையை வாசலில் கிடத்தியிருந்தார்களாம். மேலே கொக்குக் கூட்டம் பறந்ததாம். அந்த நிழல் பட்டுப் 'பறவை தோஷம்' பிடித்துவிட்டதாம். பொழுது சாய்ந்த பிறகு கொக்குக்கு ஏது நிழல் என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்று செவ்வந்தியின் மணிக்கட்டில் ஏறியது. அந்தக் கை அப்போது முருங்கைக் காய் தடிமன். கயிறு முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் வெற்றிவேல் வந்து நடுவீட்டில் உட்கார்ந்தான். கெட்டவன் அல்ல. தம்பியின் சாவுச் செலவு முழுவதையும் அவனே பார்த்தான். பிள்ளை இல்லாதவன். அருள்மொழி இருந்த வீடும் அவன் பெயரில்தான் இருந்தது.

"ஊர்ல சொல்றதத்தான் சொல்றேன், நீ தப்பா எடுத்துக்காத. தாலி அறுத்தவ கையில புள்ள தங்காது. ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள தேறுனா சரி. இல்லன்னா நாங்க இட்டுக்கினு போயி வளத்துக்கறோம்."

"எம் புள்ளயாச்சே மாமா."

"உசுரோட இருந்தா யார் புள்ளயா இருந்தா இன்னா?"

இருசம்மாள் மகன் பக்கம் தலையாட்டினாள். அருள்மொழிக்கு ஆவணி வரைக்கும் தவணை. அதற்குள் அந்தக் கைகளில் சதை ஏற வேண்டும்.

தானியம் அவள் வேலை செய்த இடத்திலேயே இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து முனியன் என்பவர் சாமையும் கேழ்வரகும் மூட்டையாகக் கொண்டுவந்து சந்தையில் இறக்குவார். அவருக்கு வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். புடைக்கிற பெண்களுக்குக் கூலிக்கு மேல், கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம் என்பது வழக்கம். மண்ணும் கல்லும் கலந்த தானியம். அதைக் கொடுப்பது பெரிய தருமம் என்று வியாபாரிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டி அள்ளுனது வேணாம்ங்க" என்றாள் அருள்மொழி. "கூலில பாதிக்குக் கேவுருவாவே குடுங்க. மூட்டையிலேர்ந்து குடுங்க."

முனியன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூட்டைலேர்ந்தா? இன்னா, விருந்தாளி வர்றாங்களா?"

"ஆமாங்க. பல்லு மொளைக்காத விருந்தாளி."

அவர் சிரித்துவிட்டார். மூட்டையிலிருந்தே அளந்தார். போகும்போது ஒரு படி சாமையைத் தானாகவே அவள் பையில் கொட்டி, "எங்க ஊர்லயும் இப்ப பால்மாவு டப்பாதான் கேக்கறாங்க" என்று மட்டும் சொன்னார்.

கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டாள். வெள்ளை வால் மாதிரி முளை வந்தது. வெயிலில் உலர்த்தினாள். பாசிப்பயறு, சாமை, தோல் தேய்த்த வேர்க்கடலை, ஒவ்வொன்றாய்க் கருகாமல் வறுத்தாள். எல்லாம் சரியாக வந்தது. அரைப்பதில்தான் சிக்கல். பக்கத்து வீட்டு மிக்ஸியில் அடித்தாள், திப்பி திப்பியாக நின்றது. குழந்தைக்கு வயிற்றால் போனது. இருசம்மாள் இன்னொரு கயிறு வாங்கி வரக் கிளம்பினாள். நர்ஸ் சொன்னது 'நைஸா' என்று. அது மாவு மில்லில்தான் முடியும். அப்படி அரைத்து வந்த மாவில்தான் மிளகாய்.

கச்சிராயபாளையம் சாலையில் ஷேக் தாவூதின் மில். ஒரே ஒரு மிஷின். காலையில் கடை திறந்ததும் ஓடுகிற முதல் அரைப்புக்குப் போணி என்று பெயர். எல்லாக் கடைகளிலும் உள்ளதுதான். முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறதோ, அவர் ராசிதான் அன்று முழுக்க என்பது கடைத்தெருவின் நம்பிக்கை. இந்த ஒரு நம்பிக்கைக்கு மட்டும் மத வேறுபாடு கிடையாது. தொழுகைக்குப் போகிறவரும் நம்புவார், தேர் இழுக்கிறவரும் நம்புவார். போணிக்கு மஞ்சள் வரலாம், கல்யாண வீட்டு அரிசி வரலாம், சுமங்கலி கையால் எது வேண்டுமானாலும் வரலாம். தாலி இல்லாதவள் கையால் கூடாது.

போணிதான் இல்லை, இரண்டாவது இடமாவது உண்டா? அதுவும் இல்லை. "நீ கொஞ்சம் ஓரமா இரும்மா, நாங்க நல்ல காரியத்துக்கு அரைக்கறோம்" என்று ஒவ்வொருத்தராக முந்துவார்கள். மஞ்சள் போகும், அரிசி போகும், மல்லி போகும், கடைசியில் குழம்பு மிளகாய் போகும். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிய பிறகு அருள்மொழியின் டப்பா வாங்கப்படும். ஊரின் ராசியைக் காப்பாற்றுகிற செலவு ஒரு பத்து மாதக் குழந்தையின் நாக்கில் வந்து விடிந்திருந்தது.

மறுநாள் அவள் தாவூதிடமே கேட்டாள். புருவமெல்லாம் மாவு படிந்த, மெலிந்த மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

"பாய், நாளைக்கு மிஷின் போட்டதும் என்னுத மொதல்ல அரைச்சிக் குடுங்க. புள்ளைக்கு வாயெல்லாம் வெந்துபோச்சி."

"ஒரு புடி அரிசிய வுட்டு ஓட்டிட்டுத்தானம்மா உன்னுத போட்டேன்."

"ஒரு புடி பத்தாது பாய். நம்ம நாக்குக்குத் தெரியாது. அதுக்குத் தெரியுது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போணி கேக்கறியேம்மா. சத்தியமா சொல்றேன், நான் ஒண்ணும் நெனைக்கல. வர்றவங்க நெனைக்கிறாங்க."

நம் நாட்டில் அநியாயம் எல்லாம் செய்கிறவர்கள் எப்போதும் இந்த 'வர்றவங்க'தான். எதிரே நிற்கிற ஒருவர்கூட ஒருபோதும் செய்வதில்லை.

ஆடி பிறந்தது. தவணையில் பாதி கரைந்துவிட்டது. குழைந்த சோறும் பருப்பும் வாழைப்பழமும் கொடுத்து அருள்மொழி குழந்தையை இளைக்காமல் பிடித்து வைத்திருந்தாள். அவ்வளவுதான். சதை ஏறவில்லை.

ஆடி வெள்ளி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஒரு தெருவே கேழ்வரகு மூட்டைகளோடு மில்லுக்கு வந்திருந்தது. அருள்மொழி போனபோது தாவூது மிஷினைக் கழற்றிப் போட்டிருந்தார். கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மன் கூழில் காரம் படக்கூடாது. மாட்டி முடித்ததும் ஒரு பெண் வந்து மிஷினின் நெற்றியில் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள்.

அருள்மொழி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கழற்ற முடிகிற மிஷின். கழுவ முடிகிற கல். இத்தனை நாளும் முடியாது என்றது இதைத்தான். டப்பாவோடு நேரே முன்னால் போனாள்.

"இன்னாம்மா, ஆத்தாளுக்கு அரைக்கறப்ப வந்து நிக்கிற? பின்னால போ" என்றாள் பொட்டு வைத்தவள்.

"ஆத்தாளுக்கு மொளகா பட்டா வயித்தால போவுமாக்கா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"ஏய், சாமி விஷயத்துல வெளையாடாத."

"நான் வெளையாடல. கல்லால செஞ்ச ஆத்தாளுக்கு மிஷினக் கழட்டிக் கழுவறீங்க. ரத்தமும் சதையுமா எம் புள்ள இருக்குது, அதுக்கு மொளகாக்குப் பின்னால. உங்களுதும் கேவுரு, என்னுதும் கேவுரு. உங்களுது மூட்டை, என்னுது ஒரு டப்பா. கழுவன மிஷின்ல மொதல்ல இது போனா உங்க கூழு பொங்காதா?"

"கூழு பொங்கும். போணி இன்னாவறது? தாலி இல்லாதவ கைல போணி பண்ணா பாய் கடைல நாளெல்லாம் ஈ ஓட்டணும்."

எல்லாரும் தாவூதைப் பார்த்தார்கள். தாவூது துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பேசியது அவர் மனைவி ரஜியா. கல்லாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னங்க, நம்ம ஃபரீன் கைக்கொழந்தையா இருக்கறப்ப அதுக்கு மாவு எப்ப அரைச்சீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்களேன். நாலு பேரு கேக்கட்டும்."

தாவூது தரையைப் பார்த்துச் சொன்னார். "கடை தொறக்கறதுக்கு மின்னாடி."

"கதவ சாத்திக்கினு. கல்லக் கழுவிட்டு. மொளகா பட்டா புள்ள தாங்காதுன்னு. நம்ம புள்ளைக்கு மட்டும்தான் வாயா? ஆசுபத்திரிலேர்ந்து ஒரு டாக்டர் வந்து சொன்னாத்தான் இவ புள்ளைக்கும் வாய் இருக்குதுன்னு தெரியுமா?" ரஜியா அருள்மொழியின் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். திறந்து முகர்ந்து பார்த்தாள். "நல்லா வறுத்திருக்கிறியே." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "போணில நஷ்டம் வந்தா எனக்குத்தானே? நான் பாத்துக்கறேன். மெயின போடுங்க" என்றாள்.

தாவூது ஸ்விட்சைத் தட்டினார். பெல்ட் சுழன்றது. ரஜியா டப்பாவை மிஷின் வாயில் கவிழ்த்தாள். கீழே துணிக்குழாய் வழியாக, சாம்பல் கலந்த சிவப்பில், சந்தனம் போல மாவு இறங்கியது. அருள்மொழி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். எரியவில்லை.

இரண்டு பெண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் வெயிலைப் பார்த்தார்கள், கோயிலில் பற்றவைத்திருந்த அடுப்பை நினைத்தார்கள், நின்றார்கள். ஜும்மா தொழுகை நேரம் தவிர, அன்று மாலை வரை மிஷின் ஓயவில்லை. தாவூது மதியச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

இந்த இடத்தில் ஊர் தன் புத்தியைக் காட்டியது. இரண்டு வாரம் கழித்து ஒரு ரவிக்கைத் துணிக் கடைக்காரர் அருள்மொழியை வழியில் நிறுத்தினார். "உன் கை ராசியான கையாம்மா. பாய் கடைல நிக்க எடமில்லையாமே. வெள்ளிக்கெழம நம்ம கடைக்கும் வந்து ஒரு போணி பண்ணேன்."

நேற்று வரை தோஷம், இன்று ராசி. இரண்டும் ஒரே சேற்றில் முளைத்த காளான்கள் என்பது அருள்மொழிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"ஆடி வெள்ளிக்கு எந்த மில்லுலதாங்க கூட்டமில்ல?" என்றாள். "ராசியும் இல்ல, தோஷமும் இல்ல. எம் புள்ளைக்கு மாவு வேணும், அவ்ளோதான்."

கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம். அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய், ஒரு துண்டு வெல்லம். சில நாள் மசித்த கீரை, சில நாள் முட்டை மஞ்சள்கரு. செவ்வந்தி முதலில் சந்தேகத்தோடு உதட்டை மூடிக்கொண்டாள். பட்ட காரம் நினைவிருந்தது போலும். அருள்மொழி தானே ஒரு வாய் தின்று காட்டினாள். பிறகு குழந்தை வாயைத் திறந்தது. பிறகு மூடவே இல்லை. கிண்ணம் காலியானால் கிண்ணத்தைத் தட்டியது. தவழ்ந்து போய் அடுப்படியில் டப்பாவைத் தட்டியது.

இருசம்மாள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கயிறு வேலை செய்கிறது என்றாள். ஆனால் அவள்தான் குளிப்பாட்டுகிறவள். ஆடிக் கடைசியில் ஒரு நாள், துண்டில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

"அருளு, அந்த பிளேட எட்றி. கயிறு கைல பதியுது பாரு. ரத்தம் கட்டிக்கப் போவுது."

"மந்திரிச்ச கயிறாச்சே அத்த. அறுக்கலாமா?"

"வாய மூடிக்கினு எட்றி."

மாமியாரே அறுத்தாள். குண்டு மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. அதை இருசம்மாள் கட்டை விரலால் தேய்த்துவிட்டாள்.

ஆவணி பிறந்தது. வெற்றிவேலும் காசியம்மாளும் தியாகதுருகத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். குழந்தைக்குப் புதுச் சட்டை, சின்னத் தொட்டில் சேலை, பால் புட்டி. கொண்டுபோகத் தயாராகத்தான் வந்திருந்தார்கள். அருள்மொழி அடுப்பை விட்டு எழவில்லை. கரண்டி மட்டும் கையில் நின்றுவிட்டது.

"எங்க அவ?" என்று கேட்டபடி வெற்றிவேல் குனிந்து, பழைய கணக்கில் ஒரு கையால் குழந்தையைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கையும் போட்டுத் தூக்கினான்.

"யம்மா, கனக்குதே."

செவ்வந்தி அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவன் வெள்ளை வேட்டி நனைந்தது.

"கயிறு எங்க?" என்றான், வேட்டியை உதறிக்கொண்டு.

"பத்தல" என்றாள் இருசம்மாள்.

"நல்ல எடத்துல மந்திரிச்சிக்கினு வந்திருக்கீங்க போலிருக்கே. எங்க?"

"மில்லுல மாமா" என்றாள் அருள்மொழி.

அவனுக்குப் புரியவில்லை. காசியம்மாளுக்குப் புரிந்தது. குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, கஞ்சி தின்கிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த சட்டையைப் போட்டுவிட்டாள். அதுவும் பத்தவில்லை. வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பெரிசா வாங்கிக்கினு வர்றேன்டி. இங்கயே கொண்டாந்து தர்றேன்" என்றாள்.

வெற்றிவேல் தொண்டையைச் செருமினான். "சரி. இட்டுக்கினு போறதப் பத்தி... இனிமே ஒண்ணும் பேச்சில்ல. வூடும் அப்படியே இருக்கட்டும்." பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் புட்டியையும் தொட்டில் சேலையையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போதெல்லாம் ஷேக் தாவூதின் மில்லில் காலையில் கல்லைக் கழுவிய பிறகு முதலில் ஓடுவது குழந்தை மாவு. கருணாபுரத்திலிருந்து பெண்கள் டப்பாவோடு வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நெற்றியில் பொட்டில்லாதவர்கள். வரிசையில் யாரும் யார் கழுத்தையும் பார்ப்பதில்லை. முனியன் குழந்தை மாவுக்கென்றே தனி மூட்டை இறக்குகிறார்.

ஒரு திங்கட்கிழமை அருள்மொழிக்குச் சந்தையில் அவசர வேலை. டப்பாவை இருசம்மாளிடம் கொடுத்து அனுப்பினாள். இருசம்மாள் இளவயதிலேயே கணவனை இழந்தவள். பிள்ளைகளை வளர்த்த காலமெல்லாம் எந்தக் கடையிலும் முதலில் நின்றதில்லை. மில் வாசலுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தவள், பழக்கத்தில் தானாகவே ஓரமாக ஒதுங்கி, பின்னால் வந்தவளுக்கு வழி விட்டாள்.

"எங்க ஒதுங்கறீங்க?" என்றாள் ரஜியா கல்லாவிலிருந்து. "நீங்கதான மொதல்ல வந்தீங்க?"

"நானா போணி?" இருசம்மாள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவள் சிரித்துக்கொண்டே அவள் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

இருசம்மாள் படியேறினாள். டப்பாவை ரஜியாவிடம் கொடுக்கவில்லை. தானே திறந்து, தானே மிஷின் வாயில் கவிழ்த்தாள்.

"போடுங்க பாய்" என்றாள். "மொளகா கிளகா இல்லியே?"